மருமகனின் தலைமாட்டில் ஒழுகிய ஏசி

கல்முனைக் கரையோரத்தில் யார் வீட்டு ஏசி பழுதானாலும் முதல் டெலிபோன் கோல் எனக்குத்தான் வரும். என் சொந்த வீட்டு ஏசி பழுதானபோது எனக்குச் சொல்ல ஒரு ஆள் இல்லாமல் போய்விட்டது. மேல் மாடியில் அது சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. கீழே நான் தேநீரைக் குடித்துவிட்டு, ஊரார் வீட்டு ஒழுக்கை அடைக்க ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன். இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் படித்துச் சிரிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் யோசித்தால் இன்னும் நல்லது.

ரியாத் வித்தை

நான் தொழில் பழகியது ரியாத்தில். அங்கே காற்று காய்ந்த காற்று, ஏசிக்கு எதிரி தூசி மட்டும்தான். ஃபில்டரைத் தட்டிக் கழுவி, கொயிலை ஊதிவிட்டால் சேர்விஸ் முடிந்தது. தண்ணீரை வெளியே விடுகிற டிரேன் பைப்பில் தண்ணீர் வந்தால் அதிசயம். வந்தாலும் நிலத்தில் விழ முன்னமே காய்ந்துவிடும். அந்த வித்தையைப் பெட்டியில் கட்டிக்கொண்டு சாய்ந்தமருதுக்கு வந்து இறங்கினேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் இறங்கினேன்.

முதலில் கிடைத்த வேலை கடற்கரை வீதியில் ஒரு ஹாஜியார் வீடு. மீன் வியாபாரம் செய்கிற மனிதர். ஏசியின் வெளிப்பெட்டியை, அதுதான் அவுட்டோரை, கடலைப் பார்க்கப் பூட்டினேன். நல்ல காற்று வருமே என்ற கெட்டித்தனம். உப்புக் காற்று அலுமினியத்தைத் தின்னும் என்பது எனக்குத் தெரியாது. கொஞ்ச மாதத்தில் ஹாஜியார் கூப்பிட்டார். அவுட்டோரின் பின்பக்கத்தில் விரலை வைத்தேன், தகடு பப்படம் போல நொறுங்கிக் கையோடு வந்தது. ஹாஜியார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"தம்பி, நீங்க சவூதியில ஏசி பாத்தீங்களா, ஒட்டகம் மேச்சீங்களா?"

அன்று தொடங்கித்தான் நான் நம் ஊர்க் காற்றைப் படித்தேன். அவுட்டோரைக் கடலுக்கு முதுகு காட்டி வைக்க வேண்டும். நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவ வேண்டும். நம் ஆட்கள் உப்புக்குப் பயந்து அதைப் பழைய சாரனால் போர்த்திக் கயிறு கட்டி வைப்பார்கள். அப்படிப் போர்த்தினால் அது மூச்சு முட்டிச் சாகும். அறைச் சுவரில் தொங்குகிற இன்டோருக்கு வேறு கதை. இங்கே ஏசி காற்றைக் குளிராக்குவதைவிடக் காற்றில் இருந்து தண்ணீரைப் பிழிவதுதான் கூடுதல். மாரிக்கு முந்திய புழுக்கத்தில் ஒரு ராத்திரிக்கு ஒரு வாளி தண்ணீரைக் கக்கும். அந்தத் தண்ணீர் விழுகிற டிரேயில் வழுவழு என்று பாசி பிடிக்கும். பாசி பைப்பை அடைக்கும். பைப் அடைபட்டால் தண்ணீர் அறைக்குள்ளே வரும்.

இவ்வளவையும் ஊருக்கெல்லாம் பாடமாகச் சொல்லிக்கொடுத்தவன் நான். இனி என் வீட்டுக்கு வாருங்கள்.

பைப் தெரியாத சுவர்

எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். என் ஒரே மகள் சுமையாவுக்குக் கலியாணம் பேசியதும் வீட்டுக்கு மேல் மாடி கட்டினோம். மாப்பிள்ளை ரிஸ்வான், மருதமுனையில் நெசவு வீட்டுப் பிள்ளை. நாவிதன்வெளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறார். அதிர்ந்து கதைக்கத் தெரியாத பிள்ளை. மாப்பிள்ளை அறைக்கு ஏசி நானே பூட்டினேன். வேறு யாரையும் விடுவேனா?

பூட்டுகிற நேரம் என் மனைவி பரீதா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"தண்ணிப் பைப்ப எங்கால விடப்போறீங்க?"

"முன் சுவரால நேர கீழ இறக்கினா லேசு."

"என்னது? மாப்பிள வீட்டுப் பொம்புளையள் வீடு பாக்க வாறாங்க. முன் சுவர்ல வெள்ளப் பைப்பு தொங்கினா ஆசுபத்திரியில சேலைன் ஏத்தின மாதிரி இரிக்கும். ஒண்டும் வெளிய தெரியக்கூடா."

"அப்ப தண்ணி எங்கால போற?"

"அத நீங்கதான் பாக்கணும். ஊருக்கெல்லாம் பாஸ்தானே."

பக்கச் சுவரால் விட வழியில்லை. அடுத்த வீட்டுச் சுவருக்கும் எங்கள் சுவருக்கும் இடையில் பூனை போவதற்கே இடம் காணாது. ஆகவே சுவரை வெட்டி, பைப்பை உள்ளே புதைத்து, அறையின் நீளத்துக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பின்பக்கம் விட்டேன். நடுவில் ஒரு பீம் குறுக்கிட்டது. பைப்பைக் கொஞ்சம் மேலே ஏற்றி, பீமைத் தாண்டி, பிறகு இறக்கினேன். பூசுவதற்கு வந்த மேசன் பாஸ் கரண்டியோடு நின்று பார்த்தார். என்னைவிட இளையவர், அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"காக்கா, இந்த இடத்துல பைப்பு மேல ஏறுதே?"

"நீங்க பூசுங்க. தண்ணி தன்ட பாட்டுல போகும்."

என்னிடம் வேலை செய்கிற எவனாவது இந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் அவனை ஏணியோடு சேர்த்து இறக்கியிருப்பேன். மேசன் பாஸ் நல்ல மனிதர், சொன்னபடி பூசினார். ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், பின்பக்கம் வந்தது. வெள்ளைப் பெயின்ட் அடித்தோம். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து, "மாஷா அல்லாஹ், ஒரு பைப்பு வயர் கூடத் தெரியல்லயே" என்று சுவரைத் தடவிப் பார்த்தார்கள். நான் தாடியைத் தடவிக்கொண்டேன்.

சிலப்பில் காய்ந்த மெத்தை

கலியாணம் முடிந்து, விருந்துகள் ஓய்ந்து, வீடு வழமைக்குத் திரும்பியிருந்தது. ஒரு நாள் காலையில் பரீதா மிளகாய் காயப்போட மேலே மொட்டை மாடிச் சிலப்புக்குப் போனவள், போன வேகத்தில் இறங்கி வந்தாள்.

"சத்தம் போடாம மேல வாங்க."

போனேன். புது மெத்தை சுவரில் சாய்த்துக் கிடந்தது. பெரிய ஈரத் திட்டு ஒன்று.

"மெத்த நனைஞ்சிரிக்கி," என்றாள்.

"மழ பெய்யல்லயே."

"அதத்தான் நானும் சொல்றன்." குரலை இன்னும் இறக்கினாள். "மருமகனுக்கு… சின்னப் புள்ளயளுக்கு ராவையில வாற மாதிரி ஏதும் வருத்தம் இரிக்குமோ?"

"வாய மூடுகா. அவர் பள்ளிக்கூடத்துல படிப்பிக்கிற மனுசன்."

"படிப்பிக்கிறவங்களுக்கு வருத்தம் வராதா?"

இந்த இடத்தில் என் மூளையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஈரம் மெத்தையின் நடுவில் இல்லை. ஒரு ஓரத்தில், தலையணை வைக்கிற பக்கத்தில் இருந்தது. கண்ணுக்கு முன்னால் கிடந்தது. ஒழுக்கு எங்கிருந்து வருகிறது என்று கறையைப் பார்த்தே கண்டுபிடிக்கிறவன் என்று பெயர் எடுத்த நான், மெத்தையைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "குறுக்கால படுத்திருப்பார்" என்றேன்.

அதற்குப் பிறகு மெத்தை அடிக்கடி சிலப்புக்கு ஏறியது. மகள் குசினியில் இருந்து ஒரு பேசினை எடுத்துக்கொண்டு மேலே போனாள், அது திரும்பி வரவில்லை. பழைய துவாய்கள் காணாமல் போயின. பரீதா ஒவ்வொன்றையும் என் காதில் கொண்டுவந்து போட்டாள். நான் மகளிடம் மெதுவாகக் கேட்டேன்.

"மெத்த ஏன் மகள் சிலப்புல கிடக்கு?"

"புது மெத்த வாப்பா, ஒரு மாதிரி மணக்குது. அதான் காயப் போட்ட." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பெற்ற பிள்ளை முகத்தைத் திருப்பினால் வாப்பா சும்மா இருப்பானா? பிறகு மருமகனைப் பிடித்தேன். அஸர் தொழுகைக்குப் பிறகு தேநீர் குடிக்கிற நேரம், அவர் வழமைபோல என் முன்னால் கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"மகன், ராவையில நல்லா நித்திர வருதா?"

"ஓம் மாமா."

"தண்ணி கூடக் குடிக்கிற பழக்கமா?"

"இல்ல மாமா. ஏன்?"

"படுக்கக்குள்ள குடிக்காதீங்க. நல்லதில்ல."

"சரி மாமா."

ஒரு மாதிரிப் பார்த்தார். அன்றிலிருந்து பரீதா மஃரிப் தொழுகைக்குப் பிறகு அவருக்குத் தேநீர் கொடுப்பதை நிறுத்தினாள். அதோடு விட்டாளா? பள்ளிவாசல் லெப்பையிடம் போய்த் தண்ணீர் ஓதி வாங்கிவந்து, காலையில் அதை ஒரு கிளாஸ் குடிக்கக் கொடுத்தாள். ஒரு பக்கம் தண்ணீரைக் குறை என்கிறோம், மறுபக்கம் தண்ணீரைக் கொடுத்துக் குடி என்கிறோம். அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் பிஸ்மி சொல்லிக் குடித்தது.

பிறகு ஒரு நாள் பரீதா சொன்னாள்: "ராத்தாக்கிட்ட மட்டும் சொன்னன்."

ராத்தா என்றால் இவளுடைய மூத்த சகோதரி ஹாஜரா ராத்தா. நல்ல மனசு, யாருக்கு வருத்தம் என்றாலும் முதலில் ஓடுகிறவர். ஆனால் அவர் காதில் விழுந்தது கல்முனைச் சந்தைக்கும் மருதமுனைத் தறி வீடுகளுக்கும் போய்ச் சேர நேரம் எடுக்காது. மாப்பிள்ளையின் வாப்பா மானஸ்தர். தன் மகனைப் பற்றி இப்படி ஒரு கதை பெண் வீட்டில் இருந்து கிளம்பியது என்று அவருக்குத் தெரிந்தால், மகனைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். போனால் நியாயம் அவர் பக்கம்தான். என் மகளின் வாழ்க்கை ஹாஜரா ராத்தாவின் நாக்கு நுனியில் நின்றது.

"உனக்கென்ன பைத்தியமாகா?" என்று கத்தினேன்.

"நீங்கதான் ஒண்டும் செய்யாம இருக்கீங்க. நான் மருந்து கேக்கத்தான் சொன்ன," என்று அவளும் அழுதாள்.

சிலந்தி வலை

அந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து சாப்பிட்டதும், ஏசி கழுவுகிற பம்பை எடுக்க வீட்டின் பின்பக்கம் போனேன். அங்கேதான் மாப்பிள்ளை அறையின் டிரேன் பைப் வந்து முடிகிறது. மேலே ஏசி ஓடுகிற சத்தம் கேட்கிறது. உடம்பில் சட்டை ஒட்டுகிற புழுக்கம். எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது இந்தப் பைப்பின் வாயைத்தான், பழக்கத்தில் இதையும் பார்த்தேன்.

காய்ந்து கிடந்தது. வாயில் சிலந்தி வலை கட்டியிருந்தது. வலையில் ஒரு ஈ மாட்டி, அதுவும் காய்ந்திருந்தது.

ஏசி ஓடுகிறது, வெளியே தண்ணீர் வரவில்லை. அப்படியென்றால் தண்ணீர் உள்ளே போகிறது. நேரே மருமகனின் தலையில் போகிறது. யா அல்லாஹ்! இன்டோரைக் கட்டில் தலைமாட்டுக்கு மேலே பூட்டியவனும் நான்தான்.

நீ ஏன் முன்னமே அறைக்குள் போய்ப் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். கலியாணம் முடித்த மகளின் அறைக்குள் வாப்பா போவதில்லை. யாரும் போகாதே என்று சொன்னதில்லை, கால் போகாது, அவ்வளவுதான். ஊரில் எல்லாரையும் மாதத்துக்கு ஒருக்கால் ஃபில்டர் கழுவச் சொல்கிற என் வீட்டில், ஒரு ஏசியை மட்டும் பூட்டிய நாளில் இருந்து யாரும் திறந்து பார்க்கவில்லை.

மகளைக் கூப்பிட்டேன்.

"மகள், ஏசி ஒழுகுதா?"

அவள் கண் நிறைந்துவிட்டது. "உங்களுக்கு ஆர் சொன்ன வாப்பா?"

"ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"அவர்தான் சொல்ல வேணாம் எண்டார். ஊருக்கெல்லாம் ஏசி பாஸ், அவர்ட சொந்த வீட்டுலயே ஏசி ஒழுகுது எண்டு நாம சொன்னா மாமாட மனம் நோகும் எண்டார்."

"கட்டிலத் திருப்பிப் போட்டிருக்கலாமே?"

"திருப்பினா தொழுற கிப்லாப் பக்கம் கால் வருமே வாப்பா. மத்தப் பக்கம் அலுமாரி. தலையணைக்கு இடையில பேசின வச்சிட்டுப் படுப்பம். நித்திரையில பேசின் புரளும்."

"ஏசிய நிப்பாட்டித் தொலைச்சிருக்கலாமே!"

"நிப்பாட்டினா சத்தம் நிண்டுபோகும், கீழ மாமாக்கு விளங்கிடும் எண்டார்."

எனக்கு வெட்கம் பாதி, அந்தப் பிள்ளைமேல் வந்த பாசம் பாதி. என் பெயர் நனையக்கூடாது என்று அவர் நனைந்து கிடந்திருக்கிறார். நான் கீழே இருந்துகொண்டு தண்ணீர் குடிக்காதே என்று அவருக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன்.

கசாயப் போத்தல்

தாமதிக்கவில்லை. சுத்தியலையும் உளியையும் எடுத்துக்கொண்டு மேலே போனேன். கலியாணத்துக்குப் பிறகு முதல் முறையாக அந்த அறைக்குள் கால் வைத்தேன். மருமகன் ஏணியைப் பிடித்துக்கொண்டார். புதுப் பெயின்ட் அடித்த சுவரை, பெண்கள் தடவிப் பார்த்த அந்தச் சுவரை, பீமுக்குப் பக்கத்தில் உடைத்தேன். பைப் ஏறுகிற இடத்தில் பாசி ஜெலி போல அடைந்து கிடந்தது. அதை வெட்டி எடுத்து, கையில் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன். மருமகன் உடைந்த கல்லை ஒரு வாளியில் எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்தார்.

கீழே நடுவீட்டில் ஹாஜரா ராத்தா. கையில் ஒரு போத்தல். பரீதா அவரை இழுத்துக் குசினிக்குள் கொண்டுபோகப் பார்த்தாள். ராத்தாவை யாரால் இழுக்க முடியும்?

"எங்க மருமகன்? நாட்டு வைத்தியம் பாக்கிற பரிசாரியார்ட கசாயம் கொண்டு வந்திரிக்கன். இதுல வெக்கப்பட என்ன கிடக்கு மகன்? எங்கட பக்கத்து வீட்டுப் பொடியனுக்கும் பெரியாளாகியும் படுக்கையில போற வருத்தம் இருந்த. இதக் குடிச்சித்தான் சுகமான."

மருமகன் வாளியோடு படியில் நின்றுவிட்டார். ராத்தாவைப் பார்த்தார், போத்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தன்னைப் பற்றி இந்த வீட்டில் என்ன நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்று அவருக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது. முகம் கறுத்துப்போனது.

என்னிடம் பொய்கள் இருந்தன. தண்ணீர்ப் போத்தல் கவிழ்ந்தது என்று சொல்லலாம். சிலப்பில் தண்ணீர்த் தாங்கி ஒழுகியது என்று சொல்லலாம். ஊரில் என் பெயர் தப்பும். ஆனால் ராத்தா அதை நம்பமாட்டார், அந்தக் கறை மருமகன்மேல்தான் நிற்கும். யோசித்தேன் என்பதை மறைக்கவில்லை. ஒரு மூச்சு நேரம் யோசித்தேன்.

"ராத்தா, வருத்தம் மருமகனுக்கில்ல. என்ட ஏசிக்கு. அது ஒழுகித்தான் மெத்த நனைஞ்ச."

"எந்த ஏசி?"

"நான் பூட்டின ஏசி."

"உங்கட வீட்டுலயா?"

"ஓம் ராத்தா. பைப்பப் பிழையாப் பதிச்சிட்டன். இந்தா பாருங்க." பாசி வழிகிற பைப்பை அவர் மூக்குக்கு முன்னால் நீட்டினேன்.

ராத்தா பின்னால் நகர்ந்தார். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "அல்லாஹ்வே! பாஸ்ட வீட்டு ஏசியா ஒழுகின!"

"ஓம். இதப் போய்ச் சொல்லுங்க. மற்றக் கதைய ஆர் ஆருக்குச் சொன்னீங்களோ, அவங்க எல்லாருக்கும் இதையும் சொல்லுங்க. ஒருத்தரயும் விட்றாதீங்க."

"நான் ஆருக்குச் சொன்ன?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே செருப்பைப் போட்டார். போத்தலை மறந்துவிட்டுப் போய்விட்டார். அவ்வளவு அவசரம்.

மருமகன் வாளியைக் கீழே வைத்தார்.

"மாமா, அப்ப ரா தேத்தண்ணிய நிப்பாட்டினது…"

"ஓம் மகன்."

"அந்த ஓதின தண்ணி?"

"அதுவும்தான்."

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துப் பயந்துபோனேன். சிரிக்கிறார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். பிறகு, என்னோடு கதைக்கத் தொடங்கிய நாளில் இருந்து "ஓம் மாமா, சரி மாமா" தவிர வேறொன்றும் சொல்லாத அந்தப் பிள்ளை சொன்னது:

"குளிரும் பத்தாது மாமா. அதையும் சொல்லணும் எண்டுதான் இருந்த."

ஊர் சிரித்த பிறகு

ராத்தா தன் வேலையைத் திறமாகச் செய்தார். அடுத்த நாள் காலையில் மீன் சந்தையில் ஒருவர், "பாஸ், மருமகனுக்கு ஒரு குடை வாங்கிக் குடுங்க" என்றார். பள்ளிவாசலில் தொழுமுன் கை கால் கழுவி ஒளூச் செய்கிற இடத்தில், "ஒளூவுக்கு இங்க ஏன் வாறீங்க, வீட்டுல மேலால வருமே" என்று ஒரு சிரிப்பு. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். மருமகனைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லவில்லை, எனக்கு அது போதும். சம்பந்தி மருதமுனையில் இருந்து வந்து, முன் சுவரில் நான் புதிதாக நேரே கீழே இறக்கிய வெள்ளைப் பைப்பை அண்ணாந்து பார்த்து, "இப்பதான் பாஸ்ட வீடு மாதிரி இரிக்கி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் எதிர்பார்க்காதது ஒன்றும் நடந்தது. கோல்கள் கூடின. "எங்கட ஏசியும் உங்கட மருமகன்ட ஏசி மாதிரித்தான் பாஸ், வெக்கத்துல சொல்லல்ல" என்று எத்தனையோ வீடுகள். போய்ப் பார்த்தால் எல்லாம் பெண் வீடு, எல்லாம் அழகுக்குப் புதைத்த பைப். எத்தனை புது மாப்பிள்ளைகள் இந்தக் கரையில் வாய் திறக்காமல் நனைந்திருக்கிறார்கள் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளே, ஃபில்டரைக் கழுவுங்கள், டிரேயைக் கழுவுங்கள், பைப்பைச் சரிவாக விடுங்கள், வாயில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். இதை யாரும் சொல்லித் தருவார்கள். நான் சொல்வது வேறு. ஒரு வீட்டுக்குப் போனால், அந்த ஏசிக்குக் கீழே யார் படுக்கிறார் என்று கேட்டு, அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கதையுங்கள். அவர் புது மாப்பிள்ளையாக இருக்கலாம், வாய் திறக்காத ஒரு மாமியாக இருக்கலாம். முதலில் ஒன்றுமில்லை என்பார். போய்விடாதீர்கள், ஒரு தேநீர் குடிக்கிற நேரம் நில்லுங்கள், சொல்வார். வீட்டுக்காரர் வந்து நெஞ்சில் கையை வைத்து, "நம்மட ஏசி முதல் தரமா ஓடுது" என்பார். நான் அதை நம்புவதில்லை. நானும் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்த ஒரு வீட்டுக்காரன்தான்.